லா சப்பல் ஐரிஷ் கேலிக் (Gaelic) காற்பந்துக் கழகத்தின் தலைவருக்கு

லா சப்பல், பாரிஸ்
05.05.2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் கூசேன்வில்லில் உங்கள் அண்ணை வீட்டில் நலமாக இருப்பீர்கள். ஏழு மாதமாகப் பேசாத மனைவி திடீரென்று றெக்கொமாந்தே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புகிறாளே என்று பயப்பட வேண்டாம். பொதுக்கூட்ட அழைப்பைத் தபால்காரர் தலைவரின் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கழகத்தின் யாப்பு விதி சொல்கிறது. இணையத்தைப் பார்த்து அந்த யாப்பை எழுதியவர் நீங்கள்தான்.

விஷயம் இதுதான். செப்டெம்பரில் இருந்து ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்களுக்கு மைதானம் தர நகரசபையான மெறியில் சம்மதித்துவிட்டார்கள். யூன் முப்பதுக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதில் தலைவரின் கையெழுத்து வேண்டும், செயலாளரின் கையெழுத்து செல்லாதாம். இரண்டு வருடமாக ஓடித் திரிந்தவள் நான். தலைவர் எங்கே என்று மெறியில் இருக்கிற பெண் கேட்டபோது, காணாமல் போய்விட்டார் என்று சொல்லவா முடியும்?

ஊரில் விளையாட்டுக் கழகத் தலைவர் என்றால் மாலை போடுவதற்கு ஒரு கழுத்து. வேலை முழுவதும் செயலாளரின் தலையில். அந்த நினைப்பில்தான் கணவர் தலைவர், மனைவி செயலாளர் என்று எழுதிக் கொடுத்தோம். இந்த நாட்டில் தலைவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு பந்துகூட உருளாது என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

ஆகவே யூன் 15 கூட்டத்தில் நீங்கள் விலக வேண்டும். நான் தலைவராக நிற்கப் போகிறேன். அதற்கு உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் நேரில் வந்து கை உயர்த்த வேண்டும். மொத்தம் முப்பத்துநான்கு பேர். ஆடுகிற பெண்கள் பதினைந்து பேர். ஒருவரை விட்டால் மற்றவர் கோபிப்பார் என்று உங்கள் சொந்தம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தீர்களே, மிச்சப் பேர் நீங்களும் அவர்களும்தான். பந்து வட்டமா சதுரமா என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் மூன்று கை எனக்கு வேண்டும்.

பதிலை எதிர்பார்க்கும்,
யசோதினி
செயலாளர்


கூசேன்வில்
11.05.2025

அன்புள்ள யசோ,

தபால்காரர் முன்னால் நான் கையெழுத்து வைப்பதைப் பார்த்து, "என்ன தம்பி, கோட்டு வழக்குக் கடிதமே?" என்று அண்ணி தில்லைநாயகி நடுங்கிப் போனா. கழகக் கடிதம் என்று சொல்லித் தேற்றினேன். "மதிப்புக்குரிய தலைவர்" என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது வரவில்லை.

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறேன், காலை நாலு மணி வேலை. முதுகு சொல்வழி கேட்பதில்லை. நீர் இன்னும் ஸ்டாலின்கிராட் மெட்றோவடிப் பல் வைத்தியரிடம்தான் வேலையா? குளியலறையில் சுடுதண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அந்தக் குழாயை இடப்பக்கம் கொஞ்சம் தூக்கித் திருப்ப வேண்டும்.

யசோ, ஐரிஷ் பாரில் கோப்பை கழுவிக்கொண்டு இந்தக் கேலிக் காற்பந்தைத் தொலைக்காட்சியில் முதலில் பார்த்தவன் நான். கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம், பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடிய உங்களுக்கென்றே செய்த ஆட்டம் என்று ஓடிவந்து உம்மிடம் சொன்னவனும் நான். முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? பந்தோடு ஓடக்கூடாத வலைப்பந்துப் பழக்கத்தில் பந்து கைக்கு வந்ததும் எல்லோரும் கல்லாக நின்றீர்கள். பயிற்சி தர வந்த யூலியன் மேற்குப் பிரான்சின் பிரெத்தான்யாக்காரன், ஒரு சொல் தமிழ் தெரியாது. "நிக்காதேங்கோ, ஓடுங்கோ" என்று கத்த அவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

என்னைக் கழற்றிவிட ஏன் இவ்வளவு அவசரம்? விண்ணப்பத்தை வீட்டில் வைத்திரும். வந்து கையெழுத்து வைக்கிறேன். ஒரு தேத்தண்ணீர் தந்தால் போதும். கூட்டமும் வேண்டாம், மூன்று கையும் வேண்டாம்.

அன்புடன்,
பிருந்தாபன்


லா சப்பல்
17.05.2025

பிருந்தன்,

இந்தக் கையெழுத்துக்கு ஒரு தேத்தண்ணீர். அடுத்த வருடக் கையெழுத்துக்கு என்ன கேட்பீர்கள்? சுடுதண்ணீர் வருகிறது. குழாயை மாற்றிவிட்டேன்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஒக்டோபரில் சார்செல் மண்டபத்தில் உங்கள் சொந்தத்தில் ஒரு பெறாமகளின் கலியாணம். பத்துப் பேர் இருந்த மேசையில் உங்கள் அண்ணை கரிகாலன் சொன்னார்: "கலியாணம் கட்டின பொம்பிளை கட்டைக் காற்சட்டையோட சேத்துக்கை உருண்டு திரியிறா. முதல்லை ஒரு பிள்ளையைப் பெறச் சொல்லடா." எல்லோரும் சிரித்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் இல்லை. குறை உங்களிடம்தான் என்று வைத்தியர் எழுதித் தந்து நாலு வருடமாகிறது. அது தெரிந்த ஆட்கள் நீங்களும் நானும் மட்டும். அன்றைக்கு ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த மேசை அடங்கியிருக்கும். உங்கள் மானம் போகக்கூடாது என்று வாயை மூடினேன். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நாலு வருடம் மூடினேன். நீங்கள் என் மானத்துக்காக ஒரு சொல் பேசவில்லை. அதற்காகத்தான் உங்களை வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன். விளையாட்டுக்காக இல்லை.

ஞாயிறு அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும்தான் யாரும் என்னிடம் "விசேஷம் ஒண்டும் இல்லையோ" என்று கேட்பதில்லை. எனக்குப் பந்து வரும், நான் ஓடுவேன். அந்த மைதானத்தை ஒருவரிடமும் கெஞ்சி வாங்க மாட்டேன். உங்களிடமும்தான்.

யூன் 15, பிற்பகல் மூன்று மணி. எங்களோடு ஆடுகிற சாம்பவியின் புடவைக் கடைக்கு மேலே உள்ள அறை.

யசோதினி


சார்செல்
01.06.2025

அன்புள்ள யசோ,

விலாசத்தைப் பார்த்திருப்பீர். என்னோடு பெட்டி ஏற்றுகிற பேதுருவின் அறையில் இருக்கிறேன். மெத்தை நிலத்தில், பரவாயில்லை.

உம்முடைய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை வேலைக்குப் போனேன். போன ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோற்றில் கை வைத்தபடியே சொன்னேன். "அண்ணை, குறை என்னிலைதான். யசோவிலை ஒரு குறையும் இல்லை. அவவைப் பற்றி இனி ஒரு கதை கதைச்சால் நான் இந்தப் படி மிதிக்கமாட்டன்." நாற்பத்தொரு வயதில் அண்ணையை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.

அண்ணை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்ப ஏன்ரா இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தனீ?" என்றுதான் கேட்டார். வெட்கம் என்று சொல்லலாம். என் வெட்கத்தை உம்மைச் சுமக்க வைத்தேன் என்பதுதான் சரி. அதன்பிறகு அந்த வீட்டில் இருக்க மனம் வரவில்லை.

அண்ணி கூட்டத்துக்கு வருவா. எங்கள் சொந்தத்தில் கடை வைத்திருக்கிற றொஜரும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். என்னோடு மூன்று கை. விலகல் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். கூட்டம் முடிந்தபிறகு நான் வீட்டுக்கு வரலாமா? அன்றைக்கே என்று இல்லை. எப்போதாவது.

உம்முடைய,
பிருந்தன்


லா சப்பல்
18.06.2025

அன்புள்ள பிருந்தன்,

புதிய தலைவரின் கையெழுத்தோடு விண்ணப்பத்தை நேற்று மெறியில் கொடுத்தாயிற்று. அதே பெண்தான் இருந்தாள். தலைவர் எங்கே என்று கேட்டாள். நான்தான் என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

றொஜர் வராமல் பதினேழு கையோடு நின்றபோது நான் திரும்பவும் ஒருமுறை எண்ணினேன். யூலியன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போது படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உங்கள் அண்ணை ஏறி வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. கதவடியில் நின்று, என்னைப் பார்க்காமல் கையை உயர்த்தினார். தில்லைநாயகி அக்காவிடம் கேட்டேன், நீங்களா கூட்டிவந்தீர்கள் என்று. "இல்லையடி, நான் வெளிக்கிடேக்கை பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தவர். பிறகு தானா றெயில் ஏறி வந்திருக்கிறார்" என்றா. பத்துப் பேர் முன்னால் என்னை அப்படிச் சொன்ன மனிதர் முப்பது படி ஏறி வந்தார். அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன். உங்களுக்கு நீட்டத் திரும்பினால், நீங்கள் போய்விட்டீர்கள்.

அண்ணை வீட்டில் நீங்கள் சொன்னதை அக்காவும் ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னா. சாம்பவியின் கடை வாசலில் நின்று அழுதேன். நாலு வருடமாகக் கேட்கக் காத்திருந்த சொல். நன்றி என்று எழுதுவது போதாது, வேறு சொல் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வாருங்கள் என்று எழுதத்தான் திங்கட்கிழமை உட்கார்ந்தேன். நேற்றும் உட்கார்ந்தேன். கோபம் இருந்தவரை நீங்களும் இந்த வீட்டில் இருந்தீர்கள், சமைக்கும்போதும் குளிக்கும்போதும் உங்களோடு சண்டை பிடித்தேன். இப்போது சண்டை முடிந்துவிட்டது. வீடு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் பொய் எழுத மாட்டேன்.

நீங்கள் நல்லவர் என்று யார் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

முதுகுக்கு எண்ணெய் பூசுங்கள். பாரம் தூக்கும்போது முழங்காலை மடியுங்கள்.

யசோ


சார்செல்
24.06.2025

அன்புள்ள யசோ,

உம்முடைய கடிதத்தை மூன்று நாள் வாசித்தேன். முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள், றொஜர் வராததற்கு அவனைத் தேடிப் போய் ஏசினேன், பாவம். இன்றைக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உமக்குப் பிடித்த அமைதியை நான் குழப்ப மாட்டேன்.

யூலை ஆறாம் திகதி பிரெத்தான்யாப் பெண்கள் அணி உங்களோடு ஆட வருகிறதாம், யூலியன் சொன்னான். கழகத்தின் முதல் பந்தயம். கோல் கம்பத்தடியில் நின்று கொடி காட்ட ஆள் இல்லையாம். பந்து கம்பிக்கு மேலால் போனால் வெள்ளைக் கொடி, வலைக்குள் போனால் பச்சைக் கொடி. வாய் திறக்க வேண்டிய வேலை இல்லை, எனக்குப் பொருத்தம். அன்றைக்கு எனக்கு லீவு.

நான் வந்து நிற்கட்டுமா? நீர் பதில் எழுதத் தேவையில்லை. வர வேண்டாம் என்றால் மட்டும் எழுதும்.

பிருந்தாபன்
உறுப்பினர்