இந்த நத்தாருக்கு வரவேண்டாம் மகள்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
19.10.1999

என் அன்பு மகள் கிறிஸ்டினுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

ஆண்டவருடைய இரக்கத்தால் நான் சுகமாக இருக்கிறேன். இருவரும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனையை எடுத்தேன், இந்த முறை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் மருமகனும் குஞ்சு மகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறோம். நீ அனுப்பிய படம் அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது. பேரனுடைய நெற்றி உன் நெற்றிதான் என்று அம்மா சொல்கிறா, எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் இந்த விஷயங்களில் நான் பிழைவிடுகிறவன்.

அம்மாவுக்கு இரண்டு வருசத்துக்கு முன் வந்த காசம் மாறிவிட்டது என்றுதான் உனக்கு எழுதியிருந்தேன். ஆனி மாதம் தொடங்கித் திரும்பவும் இருமல், பின்னேரத்தில் காய்ச்சல், சட்டை தோளில் நிற்காத மெலிவு. வெருகலிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தங்கத்துரையும் மனைவி ராசமலரும் நம்முடைய பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார்கள் அல்லவா, அகதிமுகாமில் இருந்தபோது தங்கத்துரைக்கு இதே வருத்தம் வந்து மருந்தெடுத்துச் சுகமானவர். பிறகென்ன, அவரிடமிருந்துதான் அம்மாவுக்குத் தொற்றியது என்று அயல் முடிவுகட்டிவிட்டது. உன் சிறில் மாமா முற்றத்தில் நின்று, அவர்களுக்குக் கேட்கட்டும் என்றே, "அத்தான், நீங்கள் அறையைத் தங்கத்துரைக்கோ குடுத்தனீங்கள், காசத்துக்கோ?" என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். அந்த மாதிரி நேரத்தில் எனக்கு எப்போதும் ஒரு வேலை வந்துவிடும். அடுத்த நாள் ராசமலர் பாயைச் சுருட்டிக் கட்டுவதைக் குசினி அடுப்படியில் நின்று யன்னலால் பார்த்தேன். நல்ல காலம், அன்று கிளினிக் நாள். டொக்டர் ஜெஸீமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவ கிண்ணியா ஊர்ப் பிள்ளை, துறையைக் கடக்கிற படகு ஓடுகிற நாட்களில் மட்டும் வந்துபோகிறவ. அம்மாவின் சளியைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன், விடை வருமட்டும் ஒருவரையும் வீட்டைவிட்டு எழுப்பவேண்டாம் மாஸ்டர் என்றா. அதை அப்படியே வந்து பின்னறை வாசலில் சொன்னேன். டொக்டர் சொன்னது என்றால் எனக்கும் கொஞ்சம் குரல் எழும்புகிறது.

விடை வர மழை தொடங்கிவிட்டது. அம்மாவின் கிருமி முக்கியமான இரண்டு மருந்துகளுக்கும் சாகவில்லையாம். அவவின் முதல் வருத்தத்தில் எடுத்த கிருமியும், முகாமில் தங்கத்துரையிடம் எடுத்த கிருமியும் கொழும்பில் பத்திரமாக இருந்திருக்கின்றன, ஆராய்ச்சிக்கென்று மூன்றையும் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பரம்பரை அலகுகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். காசக் கிருமி எங்கும் ஒன்றுதான் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியில்லை, அவற்றுக்குள்ளும் குடும்பங்கள், கிளைகள் உண்டு, மனிதர் கப்பல் ஏறிப் போன இடமெல்லாம், முகாம் மாறிய இடமெல்லாம் அவையும் கூடப் போயிருக்கின்றன. நம்முடையதைப் போன்ற துறைமுகத்துக்கு எத்தனை தேசத்து ஆட்கள் வந்தார்களோ அத்தனை தேசத்துக் கிருமியும் வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னா. தங்கத்துரையுடையது ஒரு குடும்பம், அம்மாவுடையது வேறு, இரண்டுக்கும் உறவே இல்லை. அம்மாவின் பழைய கிருமியும் இப்போதைய கிருமியும் ஒன்றே, மருந்தைத் தாங்கும் குணம் மட்டும் புதிது. ஒருவரும் அவவுக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அவவின் நெஞ்சுக்குள்ளேயே உண்டாகியிருக்கிறது. நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான், பிழையிருந்தால் அது என்னுடைய பிழை.

அப்படியென்றால் மருந்துக் குளிசைகளை எப்படிப் போட்டீர்கள் என்று டொக்டர் மெதுவாகக் கேட்டா. ஆமிக்காரரின் சுற்றிவளைப்பும் சோதனையும் இருந்த அந்தக் காலத்தில் தினம் வந்துபோக ஏலாது என்று ஒரு மாதத்துக்கானதை ஒன்றாகக் கையில் தந்துவிடுவார்கள். அம்மா கூரையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. சிவப்பை ஒருநாள், வெள்ளையை மறுநாள் என்று போட்டு மிச்சத்தை எடுத்து வைத்தாவாம். அரிசியில் ஒரு பிடி, மண்ணெண்ணெயில் ஒரு போத்தல், மெழுகுதிரியில் ஒரு துண்டு என்று இந்தப் பத்து வருசமாக இங்கே எல்லா வீட்டிலும் எடுத்து வைக்கிறோமே, அப்படித்தான். "எல்லாத்தையும் விழுங்கிப்போட்டு இருந்தா, றோட்டைப் பூட்டினாப் பிறகு எதை விழுங்கிறது டொக்டர்?" என்று கேட்டா. டொக்டருக்குக் கோபம் வரவில்லை. எங்கள் உம்மாவும் இதைத்தான் செய்திருப்பா என்றா. ஒரு மருந்துக்குத் தப்புகிற ஒன்றிரண்டு கிருமியை மற்ற மருந்து கொன்றுவிடும், அதனால்தான் சேர்த்துப் போடச் சொல்வது, தனித்தனியே போட்டால் தப்பினது பெருகிவிடும் என்றும் விளங்கப்படுத்தினா. இயற்கைத் தேர்வு என்று கரும்பலகையில் எத்தனை வருசம் படிப்பித்தேன் மகள். அது என் குசினியில் நடந்துகொண்டிருந்திருக்கிறது, நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

கொழும்பு விடையைக் கேள்விப்பட்ட சிறில் மாமா ஒரு கதலி வாழைக்குலையைக் கொண்டுவந்து பின்னறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். தங்கத்துரை அதில் இரண்டு சீப்பு வெட்டி அவர் வீட்டுக்கே அனுப்பினார். அந்தப் பிரச்சினை அப்படி முடிந்தது.

இனி நான் தள்ளித் தள்ளி வைத்திருந்ததை எழுதவேண்டும். நீ நத்தாருக்குப் பாலன் பிறப்புப் பூசை காணப் பிள்ளையோடு வர பிளேன் ரிக்கற் எடுத்துவிட்டாய். வரவேண்டாம் மகள். இந்தக் கிருமி இப்போது இருமலோடு வெளியே வந்தால் மருந்தைத் தாங்கும் குணத்தோடேயே அடுத்தவரிடம் போகும், கைக்குழந்தை தாங்காது. எனக்கும் நெஞ்சுப் படம் எடுத்துச் சளியும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, நான் விறாந்தையில் படுக்கிறேன். அம்மாவைக் கொழும்புப் பக்கத்து நெஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகிறோம், முதல் மாதங்களில் தினமும் ஊசி, மொத்தம் ஒன்றரை வருசமாவது ஆகும். இதை எப்படி எழுதுவது என்று ஒரு கிழமையாகக் கதிரையில் இருந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மாதான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்களுக்கு எழுத மனம் வராது. நான் சொல்றன், எழுதுங்கோ. நான் அவனைத் தூக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, அவன் என்னாலை இருமக்கூடாது" என்றா. வரவேண்டாம் என்று எழுதுகிற அப்பாவுக்கு உன்னைப் பார்க்க ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. கொழும்பு பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் இப்போதும் கேற்றடிக்குப் போய் நிற்கிறேன், இறங்குகிறவர்களில் நீ இருக்கமாட்டாய் என்று தெரிந்தும்.

ஆண்டவரும் தேவமாதாவும் உங்கள் மூவரையும் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், ரிக்கற் காசைப் பற்றி மருமகனோடு வாக்குவாதப்படாதே. மறக்காமல் ஒன்று செய். ஆஸ்பத்திரியில் கசற் போட்டுக் கேட்க விடுவார்களாம். பேரனுடைய சத்தத்தைப் பதிந்து அனுப்பு. சிரிப்பு மட்டும் போதாதாம், அழுகையும் வேண்டுமாம். அவன் அழும்போது அங்கே ஒருவரும் அவசரப்பட்டுத் தூக்கிவிடவேண்டாம், கொஞ்சம் நீளமாகப் பதியட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னா.

உன் அன்பு அப்பா,
ச. பேணாட்