சோப்பு மெஷினுக்குக் கைதட்டல்

பாப்பாவோட அப்பாவுக்கு,

உங்க முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்கா சாப்பிடறாளா? நான் நல்லா இருக்கேன். நேத்து பேக்கரியில வழுக்கி விழுந்து இடுப்புல லேசா அடி, அவ்வளவுதான். பயப்படாதீங்க.

விழுந்த கதையைக் கேட்டா உங்களுக்கே குமட்டும். கக்கூஸ் போயிட்டுக் கை கழுவாம மாவு பிசையறாங்கன்னு மேனேஜர் ஒரு போட்டி வச்சார். சோப்பு மெஷினை அதிக தடவை அமுக்கற ஷிஃப்டுக்குப் பரிசாம். போறவன் வர்றவன் எல்லாம் அமுக்கிட்டுப் போறான். சோப்பு தரையெல்லாம் வழியுது, மாவுல இறங்கறது அதே நாத்தக் கை. மேனேஜர் மெஷின்ல கணக்கைப் பார்த்துட்டுக் கைதட்டறார். தூ!

"கழுவித் தொலைங்களேன்"னு கத்தினேன். "திங்கப் போறது நம்ம புள்ளையா?"ன்னு சிரிக்கறாங்க.

அடுப்புக்காரரும் அப்படித்தான் இருந்தார். போன மாசம் அவர் மக படிக்கற பள்ளிக்கூடத்துக்கு எங்க ரொட்டி போக ஆரம்பிச்சது. இப்ப முழங்கை வரைக்கும் தேய்க்கறார்.

மத்தவங்களுக்கு இந்த ரொட்டியைத் திங்க இந்த ஊர்ல யார் இருக்கா? எனக்குத்தான் யார் இருக்கா?

பாப்பா ரொட்டி திங்கறப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கை கழுவற குழாய்க்கு மேல ஒட்டணும். பஸ் வந்துடுச்சு. வாயைத் துடைச்சுவிடாம எடுங்க.