திறந்து கிடந்த குழாய்

மே 27, புதன்

காலையிலிருந்தே காற்று. தென்னை மட்டை இரண்டு விழுந்தது, ஒன்று மாட்டுக் கொட்டகை ஓட்டின்மேல். எந்தப் பக்கத்துக் காற்று என்று வாசலில் நின்று பார்த்தேன். படகை விட்டுக் கரைக்கு வந்து பதினைந்து நாளாகியும் பழக்கம் போகவில்லை. "ஏனுங்க, பாயை எறக்கோணுமா?" என்று தனம் கேட்டாள். நக்கல். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அதில் மட்டும் குறை வைத்ததில்லை.

வேலை: பெருமாட்டியில் ஒரு தோப்பு. போர் மோட்டார் ஓடவில்லை. கபாசிட்டர் போயிருந்தது, மாற்றியாச்சு.

மாலை பால் சொசைட்டி. கொச்சியிலிருந்து செஷல்ஸ் தீவுக்குப் போய்த் திரும்ப நாலு மாசம், நாற்பது அடிப் பாய்மரப் படகு, மூன்றே பேர். அதில் இவர்களுக்குத் தெரிய வேண்டியது நடுக்கடலில் வெளிக்குப் போவது எப்படி என்பது மட்டும். சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

தண்ணீர் பற்றி யாரும் கேட்கவில்லை. நல்லது.

மே 28, வியாழன்

மேடத்தின் போன். எங்கள் கேப்டன். ஞாயிறு பொள்ளாச்சி போகிற வழியில் மீனாட்சிபுரத்தில் இறங்கி, மதியம் நம் வீட்டில் சாப்பிடுகிறாராம். அடுத்த பயணத்துக்கும் இஞ்சின் பார்க்க நான்தான் வேண்டுமாம். படகில் மூன்றாவது ஆளாக இருந்த ஷிபு வருகிறானா என்று கேட்டேன். டாங்க் தண்ணீரைக் கொட்டியவனை நம்பி இன்னொரு தடவை கடலுக்குப் போக முடியாது என்றார்.

சரிங்க மேடம் என்றேன். நாக்கு கூசவில்லை.

மே 29, வெள்ளி

எழுதிவிடுகிறேன். தனத்துக்கும் தெரியாது.

திரும்பி வரும் வழி. கொச்சிக்கு இன்னும் ஒன்பது நாள். மூன்று நாளாக மேகம், சோலார் ஏறவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் பம்பை அணைத்து வைத்திருந்தோம். நான் இஞ்சின் ஆயில் கையோடு வந்து அடுக்களைக் குழாயைத் திறந்தேன். வரவில்லை. பம்ப் ஓடவில்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன். குழாயை மூடவில்லை.

ஊரில் யார் மூடுகிறார்கள்? பஞ்சாயத்துத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், எந்த நேரம் என்று கிடையாது. குழாயைத் திறந்தே விட்டு, அடியில் குடத்தை வைத்துவிட்டுப் போவோம். சத்தம் கேட்டால் ஓடி வருவோம். (ஊரார் போரையெல்லாம் சரி செய்கிறவன் வீட்டுப் போர் வற்றி இரண்டு வருஷம்.) இந்தக் கைக்குப் பழக்கம் அதுதான்.

வெயில் வந்ததும் மேடம் பம்பைப் போட்டார். உடனே சுழற்றி அடித்தது காற்றும் மழையும். மூன்று பேரும் மேலே பாயோடு மல்லுக்கட்டு. ஒரு மணி நேரம். கீழே வந்தால் டாங்க் காலி, குழாய் திறந்தபடி. நல்ல தண்ணீர் மொத்தமும் கடலுக்குள்.

சமையல் ஷிபு. அதனால் மேடம் அவனைப் பிடித்தார். முதலில் நான் இல்லை என்றான். பிறகு நினைவில்லை என்றான். பிறகு பேசவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மிச்சம் இரண்டு கேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். ஷிபு தன் பங்கிலிருந்து தினம் ஒரு டம்ளர் எனக்கு ஊற்றுவான். இஞ்சின் சூட்டில் கிடக்கிறீர்கள், குடியுங்கள் சேட்டா என்பான். குடித்தேன். ஒன்பது நாளும் குடித்தேன்.

கரைக்கு வந்த பிறகு எங்கே குழாய்ச் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போடுகிறது. வாளியில் சொட்டினால்கூட எழுந்துவிடுகிறேன்.

மே 30, சனி

நாட்டுக்கோழி 1, சின்ன வெங்காயம், வாழை இலை, புதுத் துண்டு.

மேடத்திடம் சொல்ல வேண்டியதைப் பால் கறக்கும்போது மாட்டிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது தடவை உதைத்தது.

மே 31, ஞாயிறு

மேடம் பதினொன்றரைக்கே வந்துவிட்டார். தனத்துக்கு ஒரு பவள மாலை. கொட்டகை, தோப்பு எல்லாம் சுற்றிக் காட்டினேன். சொல்ல ஆரம்பித்து மூன்று தடவை தென்னைக்கு வந்த நோயைப் பற்றிச் சொன்னேன்.

இலை போட்டாச்சு. மேடம் கை கழுவ வாசல் குழாய்க்குப் போனார். அது திறந்தே கிடந்தது, அடியில் காலிக் குடம். திருகி மூடினார்.

சமையலறையிலிருந்தே தனம் சொன்னாள்: "மூடாதீங்கக்கா, தொறந்தே கெடக்கட்டுமுங்க. தண்ணி வந்தா கொடத்துல உழுகற சத்தம் கேக்கும். எங்கூட்டுல எல்லாருக்கும் இதே பழக்கந்தானுங்க." செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

மேடம் வாங்கவில்லை. குழாயை மறுபடி திறந்தார். வெறும் குழாய். கையை அதன்மேல் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். மாட்டிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"நாந்தானுங்க மேடம்."

தனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, செம்போடு நின்றாள். மேடம் வாசல் திண்டின்மேல் உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. அவனை ஒன்பது நாள் திட்டினேனே என்று மலையாளத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஷிபுவுக்குப் போன் போட்டு, என்னிடம் நீட்டினார்.

சொன்னேன். குழாய், பம்ப், பக்கத்தில் நின்று வாய் திறக்காதது, டம்ளர். எல்லாம்.

  ஷிபு மெதுவாகச் சொன்னான்:

"நாந்தான் தெறந்து விட்டேன்னு நானே நம்பிட்டேன், சேட்டா."

அதற்குப் பிறகு ஒரு கெட்ட வார்த்தை. மலையாளத்தில் அதைவிடக் கெட்டது எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது. இன்னொன்று சொல்ல மாட்டானா என்று இருந்தது.

சாப்பாடு மூன்று மணிக்கு. மேடம் கோழி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அடுத்த பயணத்துக்கு ஷிபுவை இன்றே கூப்பிடுவதாகச் சொன்னார். என்னைப் பற்றிப் பேச்சில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு தனம்: "அந்தத் தம்பிய ஒரு நாளு சோத்துக்கு வரச் சொல்லுங்க. உங்களுக்கு அன்னைக்குத் தண்ணி கெடையாது."

ஜூன் 2, செவ்வாய்

மழை மூட்டம். மழை இல்லை.

தனம் காலையில் சொசைட்டிக்குப் போய்விட்டாள். நான் ஏழரை வரை தூக்கம். தண்ணீர் ஆறு மணிக்கே வந்திருக்கிறது. குடம் நிறைந்து வழிந்து, கொட்டகை வரை ஓடி, கன்றுக்குட்டி சேற்றில் நிற்கிறது. திரும்பி வந்தவள் எழுப்பித் திட்டினாள்: காது என்ன செவிடா, இத்தனை சத்தத்தில் எப்படித் தூக்கம் வந்தது.

எனக்குக் கேட்கவே இல்லை.