அக்கா கேட்டதற்கு இதுவா பதில்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்தான், அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இனித் திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி.

உன் அக்காவுக்கு நீ எழுதிய நாலு பக்கத்தை நானும் படித்தேன். தன் குழந்தைக்கு ஏன் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருக்கின்றன என்று அவள் கேட்டால், நீ லேபில் உட்கார்ந்துகொண்டு அப்போப்டோசிஸ் என்ற சொல்லுக்கு ஜாதகம் எழுதி அனுப்பியிருக்கிறாய். பழைய கிரேக்கச் சொல்லாம், மரத்திலிருந்து இலை உதிர்வது என்று பொருளாம், உயிரணு தானாகவே சாவதற்கு அந்தப் பெயரை வைத்தார்களாம். வயிற்றுக்குள் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்குமாம், விரல்களுக்கு நடுவே உள்ள உயிரணுக்கள் அப்படி உதிர்ந்தால்தான் விரல் பிரியுமாம். அழகாகத்தான் இருக்கிறது, யார் இல்லை என்றது. அவள் கேட்டது அதையா?

அவளுடைய நாத்தனார் தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, "வயித்தைத் தள்ளிக்கிட்டு நாள் பூரா தையல் கடையில கத்தரிக்கோலும் கையுமா இருந்தா இப்படித்தான் ஆகும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் பிரிவது இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிடும் என்று நீ ஒரு மூலையில் எழுதியிருந்தாயே, அதை வைத்தே அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். வயிறு தெரிவதற்கு முன்பே முடிந்துபோனதை, பிறகு பிடித்த கத்தரிக்கோல் என்னம்மா செய்யும் என்று கேட்டேன். அவள் விருட்டென்று போய்விட்டாள். ஆனால் உன் அக்கா மெதுவாக, "ரெண்டாம் மாசமும் நான் துணி வெட்டிக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்" என்றாள். அன்றிலிருந்து கடையைத் திறக்கவில்லை, பால் கொடுக்கும்போதுகூடக் குழந்தையின் அந்தக் கையைத் துணியால் சுற்றிவிடுகிறாள். கொஞ்சம் வளர்ந்ததும் பிரித்துவிடலாம் என்று டாக்டரே சொல்லியாயிற்று, அதுவும் அவள் காதில் ஏறவில்லை. கத்தரிக்கோலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தினால், பெற்றவள் வேறென்ன சொல்வாய் என்கிறாள். படித்தவன் நீ சொன்னால் நம்புவாள். நாலு பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், உன்மேல் தப்பில்லை என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. சொல்லாமலே தெரியும் என்று விட்டுவிட்டாயா? அவளுக்குத் தெரியாதுடா.

நீ நன்றாக இரு, உன் வேலையும் நன்றாக நடக்கட்டும். மறக்காமல், இதைப் படித்த கையோடு அவளைக் கூப்பிடு. கிரேக்கம் வேண்டாம். "நீ ஒண்ணும் பண்ணலை அக்கா" என்று சொல், அவள் அழுது முடிக்கும் வரை ஃபோனை வைக்காதே.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா