காப்புக் கட்டிய தேரின் மூட்டு

நோர்வூட்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் திலக்ஷனுக்கு,

அம்மா எழுதுவது. அந்த வெயில் நாட்டில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது, ஆனால் தங்கச்சி பேனாவைத் தாளில் வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, அதை எழுத வேண்டாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. லயத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகள், நம் காம்பராவில் பேசுவது பக்கத்து வீட்டு அறைக்கும் கேட்கும், அப்பாவும் இப்போது பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். அதனால் ஹார்ட்வெயார் கடை ஹுசைன் நானாவின் மகன் பஸ்லான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும்போது அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது.

நீ கேட்காவிட்டாலும் அப்பாவின் கையை முதலில் சொல்கிறேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். வலது கையில் சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் மடங்கவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார், அதுவும் நாங்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து. வெல்டிங் கம்பியைப் பிடிக்கிற பிடி வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கிப் பழகச் சொன்னார்கள், அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். பஸாரில் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. மற்றபடி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, அடுத்த லயத்துச் சர்மிளாவுக்கு மூன்றாவதும் பையன், ரெண்டாவது பையன் தேர் எப்போது வரும் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான்.

நடந்ததை நீ கோயில் கமிட்டித் தலைவரிடம் ஒரு மாதிரி சொல்லியிருக்கிறாய். நான் நடந்த மாதிரியே சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி. அம்மனுக்கு இரும்புத் தேர் செய்து தருகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பழைய வேனின் அச்சும் சக்கரமும் ஸ்டியரிங்கும் வாங்கி, அதன் மேல் குழாய்களால் கூடு கட்டி, அப்பாவே ஒட்டுவது என்று பேச்சு. அப்பா அதை வரைந்து வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரிச் சிரித்தார். குழாய் வாய் வெட்டுவதைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, கட்டாருக்குப் போகும்வரை அப்பாவோடு பட்டறையில் நின்றவன் நீ. உருண்டைக் குழாய் மேல் இன்னொரு உருண்டைக் குழாய் உட்கார வேண்டுமென்றால் அதன் நுனியை மீன் வாய் திறந்த மாதிரி வளைத்து வெட்ட வேண்டும், நேராக அறுத்து வைத்தால் இரண்டு இடத்தில்தான் தொடும், பக்கங்களில் வெளிச்சம் தெரியும். அப்பா குழாயில் கடதாசியைச் சுற்றிக் கோடு போட்டு, கிரைண்டரால் இரண்டு பக்கமும் சரித்து எடுத்து, பிறகு அரைவட்ட அரத்தால் ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவி, வெளிச்சம் தெரியாமல் போகும்வரை விடமாட்டார். நீயே எத்தனை தரம் பசியில் கத்தியிருக்கிறாய், இந்த மனுசன் குழாய்க்கு முத்தம் குடுத்துட்டுத்தான் சாப்பிட வருவாரு என்று.

ட்ரில்லில் வட்டப் பிளேடு மாட்டி வெட்டினால் சீக்கிரம் முடியும், அதுவும் தப்பான வேலை இல்லை, படிக் கைப்பிடிகளுக்கு அப்பாவே அப்படித்தான் வெட்டுவார். ஆனால் குழாய் எந்தச் சாய்வில் நிற்கப் போகிறதோ அந்தச் சாய்வுக்குத் திருப்பி வைத்து வெட்ட வேண்டும். நம் தேரின் கால்கள் நேராக நிற்பவை அல்ல. தோட்டத்துப் பாதையில் ஏற்றமும் வளைவும் அதிகம் என்பதால் கீழே அகன்று மேலே குறுகி நிற்கிறபடி அப்பா வரைந்திருந்தார், முன் கால்களுக்கு ஒரு சாய்வு, பின் கால்களுக்கு வேறு சாய்வு. அப்பா அரம் போட்டு உட்கார்ந்தால் திருவிழாவுக்கு முடியாது என்று நீதான் ஹட்டனில் உன் சிநேகிதன் மதுரனின் பட்டறையில் வெட்டச் சொன்னாய். அவன் எல்லாக் குழாயையும் ஒரே வைப்பில், செங்குத்தாக நிற்கிற குழாய்க்கு வெட்டுகிற நேர் வாயாக வெட்டி லொறியில் அனுப்பிவிட்டான். சாய்த்து வைத்தால் மூட்டில் என் சுண்டு விரல் போகிறது. திரும்ப ராவினால் கால் குட்டையாகிவிடும், வேறு குழாய் வேண்டும், ஒரு கிழமை பொறு என்று அப்பா போனில் உன்னிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன், நீ சொன்னது எனக்கும் கேட்டது. அதெல்லாம் பாக்காதீங்கப்பா, சந்துல கம்பித் துண்டு வச்சு நெரப்பி ஒட்டுங்க, புட்டி பூசி பெயின்ட் அடிச்சா எவன் குனிஞ்சு பாக்கப் போறான் என்றாய். போனை வைத்துவிட்டு அப்பா அரத்தை எடுத்து ஆணியில் மாட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, அவன் உபயம், அவன் விருப்பம் என்றார். அப்படியே செய்தார்.

காப்புக் கட்டிய அன்று பின்நேரம் வெறும் தேரைக் கோயிலைச் சுற்றி ஒருதரம் இழுத்துப் பார்த்தார்கள். முன் காலின் மூட்டில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்ததை முதலில் கண்டவள் தங்கச்சி. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அப்பா உடனே மூட்டைத் திறந்து தகடு வைத்து ஒட்ட வேண்டும் என்று கிரைண்டர் எடுக்கப் போனார். தலைவர் மறித்துவிட்டார். காப்புக் கட்டினதுக்கு அப்புறம் சாமி வாகனத்துல இரும்பு வெட்டுறதா, நெருப்பு வைக்கிறதா, என்னய்யா நீ புதுசா வந்தவன் மாதிரி என்று சத்தம் போட்டார். நம் கோயிலில் அந்தக் கட்டு உண்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் பூசாரி ஒரு வழி சொன்னார், உபயகாரர் சம்மதம் கொடுத்தால் பரிகாரப் பூசை செய்துவிட்டுத் திறக்கலாம், தேர் ஒரு நாள் பிந்தும், அவ்வளவுதான் என்று. உடனே உனக்குப் போன் எடுத்தார்கள். நீ என்ன சொன்னாய் மகனே. எங்க ரூம்ல அத்தனை பேரும் நாளைக்கு வீடியோவுல பாக்க லீவு போட்டிருக்காங்க, அப்பா எப்பவும் இப்படித்தான் பயப்படுவாரு, தேர் ஓடட்டும் தலைவரே என்றாய். ஒரு சொல், சரி என்று சொல்லியிருந்தால் போதும்.

மறுநாள் அப்பா வடம் பிடிக்கவில்லை. அந்த முன் காலில் கையை வைத்தபடியே தேரோடு நடந்தார், பக்தியில் நடக்கிறார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே அந்த வளைவில் மூட்டு திறந்தது. கூடு சாய்ந்தது, ஆட்கள் சிதறி ஓடினார்கள். அப்பா ஓடாமல் கூட்டின் காலைத் தாங்கினார், கை அந்தக் காலுக்கும் அடிக்குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கல் முட்டுக் கொடுக்கும்வரை அப்படியே நின்றார். அம்மன் கீழே விழவில்லை. எப்படி விழாமல் நின்றாள் என்று ஒருவரும் கேட்கவில்லை, யார் ஒட்டினது என்றுதான் கேட்டார்கள்.

சாமிக் குத்தம் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் என் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஓரடி தள்ளி நிற்கிறார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி, வெல்டிங்காரம்மா, ஒங்க கூடையையும் ஒங்க வீட்டுக்காரருதான் ஒட்டினாரா, பாத்துத் தூக்குங்க, கொழுந்து கொட்டிறப் போவுது என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் தலைவர் உனக்குப் போன் எடுத்து சத்தமாகக் கேட்கிறபடி வைத்தார். நீ சொன்னாய், அப்பாவுக்கு வயசாயிருச்சு, முன்ன மாதிரி கண்ணு தெரியல, எனக்குத்தான் தெரியாமப் போச்சு, இனி மதுரன்கிட்டயே குடுத்துச் செய்யுங்க, செலவு என்னோடது என்று. அப்போது எழுந்தது யார் தெரியுமா, தங்கச்சி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், கடைக்குப் போனால் சாமான் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு விரலை நீட்டிக் காட்டுகிறவள். இந்த இடத்தை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன். ஆம்பிளைகள் நடுவில் எழுந்து நின்று, கண்ணு இல்ல, அண்ணன்தான் நெரப்பி ஒட்டச் சொன்னிச்சு, அப்பா வேணாம்னாரு என்றாள். குரல் எனக்கே பாதிதான் கேட்டது. தலைவர் சிரித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துல வாயத் தொறந்திருந்தா படிச்சாவது இருக்கலாமே பாப்பா என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சொல்வார் என்று பார்த்தேன். அப்பா எழுந்து, உக்காரு பிள்ள, ஒனக்கு ஒண்ணும் தெரியாது, அவன் சொல்றதுதான் சரி, என் கண்ணுதான் என்றார். தங்கச்சி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறாள்.

அதோடு முடிந்ததா. மறுநாள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் தட்டில் வைத்து விற்கிற கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரு குறையும் இல்லாத கண். தூரத்து மலையில் எந்தக் கங்காணி நிற்கிறான் என்று சொல்கிற கண். இப்போது அதைப் போட்டுக்கொண்டு லயத்துப் படியில் தடுக்கி விழப் பார்க்கிறார், பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள். கழற்றிவிடுங்க என்று நான் அழுதேன். பையன் நாளைக்கு ஊருக்குள்ள தல நிமிந்து வரணும் என்றார். நீ வாய்க்கு வந்ததைச் சொன்னாய், அவர் அதற்காகக் குருடனாகப் பழகுகிறார்.

நான் இதோடு வாயை மூடிக்கொண்டிருப்பேன், அவர் இஷ்டம் என்று. ஆனால் போன கிழமை மதுரன் புதுக் குழாய்களைக் கொண்டுவந்து கோயில் மடத்தில் இறக்கியிருக்கிறான். தங்கச்சி விளக்கு வைக்கப் போனவள் ஒன்றை எடுத்து அடிக்குழாயில் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். அதே நேர் வாய். அதே சந்து. விரல் போகிறது. அதையும் நிரப்பித்தான் ஒட்டுவான், அதற்கும் பெயின்ட் அடிப்பான், அதற்கும் காப்புக் கட்டுவார்கள். இந்தத் தரம் பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நடக்க உன் அப்பா இருக்கமாட்டார், அவர் தேர்ப் பக்கமே வரக்கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். சர்மிளாவின் பையன்கள் வடம் பிடிப்பார்கள். தங்கச்சி சொன்னால் யார் கேட்பது, அவளை ஒருதரம் உட்கார வைத்தாயிற்று.

அதனால் கேட்கிறேன். வருகிற பௌர்ணமிப் போயா தினத்தன்று கோயிலில் மறுபடி கூட்டம், அன்றைக்குத்தான் மதுரனுக்கு வேலையைத் தொடங்கச் சொல்லப் போகிறார்கள். அன்று நீயே தலைவருக்குப் போன் எடு. நிரப்பி ஒட்டச் சொன்னது நான், திறக்க வேண்டாம் என்றதும் நான், அப்பா கண்ணில் குறையில்லை, இந்தக் குழாய்களையும் வைத்து ஒட்டாதீர்கள் என்று சொல். அவ்வளவுதான். உன்னை யாரும் கொன்றுவிட மாட்டார்கள், நீ இருக்கிற தூரத்துக்கு ஏச்சு கூட வந்து சேராது. நீ செய்யாவிட்டாலும் அப்பா உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார், அது உனக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் பேசினாய். நான் அப்படி இல்லை. அன்று நான் எழுந்து சொல்வேன். அப்பா என்னையும் உட்காரச் சொல்வார். நான் உட்கார மாட்டேன்.

இப்படி எழுதுகிறேன் என்று சாப்பிடாமல் படுத்துவிடாதே. வேலை முடிந்து வந்த உடனே ஐஸ் தண்ணீர் குடிக்காதே, உனக்குத் தொண்டை கட்டும். பஸ்லானிடம் ஒரு போத்தல் ஊறுகாயும் தேயிலையும் கொடுத்திருக்கிறேன், ரூமில் எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு. அம்மன் உன்னைக் கைவிடாமல் நூறு வயது வைத்திருக்கட்டும், நல்ல இடத்தில் பெண் அமைந்து பிள்ளை குட்டியோடு நீ வாழ வேண்டும், அதில் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. எனக்குப் பதில் எழுதிச் சிரமப்படாதே. போனை அன்றைக்குத் தலைவருக்கு எடு, போயா தினம், காலைப் பூசை முடிந்ததும் கூட்டம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
காளியாயி

அண்ணா, அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அன்றைக்கு அம்மா எழுந்தால் நானும் பக்கத்தில் எழுந்து நிற்பேன்.
சுலக்ஷனா