அண்ணனுக்குப் பக்கத்து சீட்

ஜூன் 16, திங்கள்

அண்ணன் இன்று முதல் எங்கள் ஸ்கூல் வேனை ஓட்டுகிறான். வேன் தெருமுனை பட்டாபிராமன் மாமாவுடையது. பழைய டிரைவர் சொல்லாமல் நின்றுவிட்டார். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத எங்கள் ஆரோனை நம்பி மாமா சாவியைக் கொடுத்திருக்கிறார். அம்மா ஸ்டீயரிங் மேல் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுச் சிரித்தாள். அப்பா போனபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“நீ முன்னாடி உக்காருடி. பக்கத்துல ஆள் இருந்தா அவன் பயப்படாம ஓட்டுவான்” என்றாள்.

உட்கார்ந்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் வெயில் நேராகக் கண்ணாடியில். அண்ணன் மெதுவாக, பின்னால் பிள்ளைகளுக்குக் கேட்காமல், “கெசி, பச்சை விழுந்துடுச்சா?” என்றான்.

“கண்ணு முன்னாடிதானே இருக்கு?”

“சொல்லுடி.”

“விழலை.”

விளையாடுகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

அண்ணன் எந்த சிக்னலிலும் முதல் வண்டியாக நிற்பதில்லை. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து நாலு வண்டிகளை முன்னால் விட்டுவிடுகிறான். அவை நகர்ந்தால் நகர்கிறான். முன்னால் யாரும் இல்லாவிட்டால் பின்னால் ஹாரன் அடிக்கும்வரை காத்திருந்து, அடித்ததும் கிளம்புகிறான்.

எல்.கே.ஜி. வாண்டுகள்கூட “ஆமை வண்டி, ஆமை வண்டி” என்று பாடுகின்றன. “ஆமைதான் ரேஸ்ல ஜெயிச்சுது, தெரியுமா?” என்று அவனும் சேர்ந்து சிரிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாரன்தான் அவனுக்குப் பச்சையா?

ஜூன் 22, ஞாயிறு

கேட்காமலே இருந்திருக்கலாம்.

சர்ச்சிலிருந்து வந்து மாடியில் துணி காயப்போடும்போது கிளிப் கூடையை அவனிடம் நீட்டி, “பச்சை கிளிப்பை மட்டும் எடுத்துக் குடுண்ணா” என்றேன். பச்சையும் சிவப்பும்தான் இருந்தன. ஒன்றை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

“டெஸ்ட் வெக்கிறியா?”

தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். போன வருஷம் ரயில்வே வேலை மார்க் குறைந்து போனதாக வீட்டில் சொன்னது பொய். பரீட்சையில் பாஸ். மெடிக்கலில் போய்விட்டது.

“கலர் கலரா புள்ளி வெச்ச ஒரு புஸ்தகம்டி, புள்ளிக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்குமாம். எனக்கு முன்னாடி நின்னவன் இருபத்தொம்போது, எழுபத்திநாலுன்னு படிச்சிட்டே போறான். எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது.”

“அப்புறம் லைசென்ஸ் எப்படிக் குடுத்தாங்க?”

“சர்டிபிகேட்ல கையெழுத்து போட்ட டாக்டர் என் மூஞ்சியவே பார்க்கல. ஏய், மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. அவ்ளோதானே? இதுக்கு எதுக்குக் கலர்?”

“வெயில் அடிச்சா? எது எரியுதுன்னே தெரியாதே. நடுவுல ஒரு இடத்துல சிக்னலைப் படுக்கப் போட்டு வெச்சிருக்காங்களே, அங்க?”

கூடையிலிருந்த கிளிப்புகளைக் கிளறினான்.

“அதுக்குத்தான் நீ இருக்கியே” என்றான். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று என் தலைமேல் கை வைத்து சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஜூலை 3, வியாழன்

இன்றும் ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 9, புதன்

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நிற்க வேண்டுமென்றால் நான் தண்ணீர் பாட்டிலை மடியில் நிமிர்த்தி வைப்பேன். போகலாமென்றால் படுக்க வைப்பேன். மஞ்சளுக்கும் நிமிர்த்தித்தான். மஞ்சளில் எல்லாரும் விரட்டிக்கொண்டு போகும்போது எங்கள் வேன் மட்டும் நிற்கும். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். “இன்னா சார், தூங்கிகினு கீறியா?” என்று ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். அண்ணன் சலாம் வைத்தான்.

நல்லாத்தான் ஓட்டுகிறான். நாய் படுத்திருந்தால்கூட இறங்கி விரட்டிவிட்டுத்தான் எடுப்பான். ஒரு பிள்ளை கேட்டுக்குள் போகும்வரை அடுத்த கியர் போடமாட்டான். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

வேனில் புத்தகம் திறக்க முடிவதில்லை. கண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்றே இருக்கிறது. கண்ணை மூடினாலும் விளக்குதான். பின்னால் இருப்பதெல்லாம் சின்னப் பிள்ளைகள்.

ஜூலை 20, ஞாயிறு

சத்தியத்தை மீறிவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா திடுக்கிடவே இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “அவன் ஒண்ணாங்கிளாஸ்ல இலைக்கெல்லாம் செங்கல் கலர் அடிச்சப்பவே எனக்குத் தெரியும்” என்றாள்.

தெரியுமா!

“தெரிஞ்சேவா விட்டீங்க?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? ஒரு வருஷமா வீட்டுல முடங்கிக் கிடந்தான். இப்பதான் தலைநிமிர்ந்து தெருவுல நடக்கிறான். அதுக்குத்தானே உன்னை முன்னாடி உக்கார வெச்சேன். கர்த்தர் பாத்துப்பார். நீயும் பாத்துக்கோ.”

பெரியவர்களிடம் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். மொத்தமும் என் மேல்தான் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த வருஷம் நான் காலேஜ் போனால்? என்றாவது உடம்புக்கு முடியாமல் போனால்?

ஆகஸ்ட் 6, புதன்

காய்ச்சல். எழுந்து நின்றால் சுற்றுகிறது. அம்மா போர்வையை இழுத்துவிட்டு, “ஒரு நாள்தானே, சமாளிப்பான்” என்றாள். வேன் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேம்ப் ரோடு. இப்போது செம்பாக்கம். இப்போது அந்தப் படுக்கப் போட்ட சிக்னல்.

அங்கேதான் நடந்திருக்கிறது.

முன்னால் வண்டி இல்லை. அண்ணன்தான் முதல். பின்னால் ஹாரன் கிளம்பியதும் எடுத்துவிட்டான். பச்சை விழுவதற்குள்ளேயே அடிப்பார்களே, நம் ஊரில் அது வழக்கம்தானே. பக்கவாட்டில் தண்ணீர் லாரி. எப்படியோ பிரேக் போட்டு நிறுத்திவிட்டான். பிள்ளைகள் எல்லாம் முன்னால் வந்து விழுந்திருக்கிறார்கள். யு.கே.ஜி. மிருதுளாவுக்கு உதடு கிழிந்து தையல்.

எல்லாரும் லாரிக்காரனைத்தான் திட்டுகிறார்களாம். மிருதுளாவின் அம்மா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் பிரேக் போடலைன்னா” என்று அழுதார்களாம். அதைச் சொல்லிவிட்டு அண்ணன் அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். சாப்பிடவில்லை.

“நாளைக்கு வந்துடுவல்ல கெசி?” என்று மட்டும் கேட்டான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காய்ச்சலோடு போனேன். மிருதுளா வரவில்லை. அவள் சீட்டுக்கு மற்ற பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

பட்டாபிராமன் மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

பாதிப் படி ஏறினேன். திரும்பிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் காமு மாமி பார்த்துவிட்டு, “வாம்மா கெசியா, ஜுரம் தேவலையா?” என்றார். மாமா பேப்பரை மடித்து வைத்தார். நான் அழாமல்தான் சொன்னேன். பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

“லாரிக்காரன் மேல தப்புன்னு இல்லையா நான் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிண்டிருக்கேன்!” பிறகு பேப்பரை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே, “நீ சொன்னேன்னு சொல்லமாட்டேன். வண்டியை வித்துடறதா ஏதாவது சொல்லிக்கறேன். நீ ஆத்துக்குப் போம்மா” என்றார்.

சாயங்காலம் அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

“நீதானா?”

“ஆமா.”

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். ரெண்டு அடி வெச்சிருந்தாக்கூட வாங்கிட்டிருப்பேன். ஏன் பேசமாட்டேங்கிறான்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணன் சர்ச்சுக்கு வரவில்லை. திரும்பும் வழியில் அம்மா சொன்னாள்: “கூடப்பிறந்தவ வாயாலயே அவன் பொழப்பு போச்சு. ஊர்ல இருக்கறவங்க செஞ்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.”

அந்தப் பிள்ளைகளும் ஒரு அம்மா பெற்றதுதானே?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அண்ணனுக்கு மறைமலை நகரில் வேலை கிடைத்திருக்கிறது. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பெட்டி தூக்கி அடுக்குவது. நான் எழுவதற்கு முன் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுகிறான். தோள்பட்டை கன்றிப்போய் வருகிறான். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறாள். நான் தட்டு வைத்தால் சாப்பிடுகிறான். என் பக்கம் பார்ப்பதில்லை.

நான் செய்தது சரி. தினமும் சொல்லிக்கொள்கிறேன். சரி என்றால் ஏன் இப்படி இருக்கிறது?

செப்டம்பர் 3, புதன்

வேனுக்குப் புது டிரைவர் வந்துவிட்டார். டெனிஸ் அண்ணா. ஒரு கையில் போன். கேம்ப் ரோட்டில் சிவப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. இடதுபக்கமாக ஒடித்து, நின்றுகொண்டிருந்த பைக்குகளை உரசிக்கொண்டு போயே விட்டார். பிள்ளைகள் “ஹே!” என்று கத்திக் கைதட்டினார்கள். உதட்டில் தையல் தழும்போடு மிருதுளாவும்தான்.

“அண்ணா, சிவப்பு” என்றேன்.

“தெரியும் பாப்பா. போலீஸ் இல்ல, கேமரா இல்ல, யாருக்காக நிக்கறது?”

சாயங்காலம் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அலுப்பாக இருந்திருக்க வேண்டும். “எல்லாரும் அப்படித்தாம்மா ஓட்டறா. கொழந்தைகள் பத்து நிமிஷம் முன்னாடியே போய்ச் சேந்துடறதுகள்னு பேரண்ட்ஸ்லாம் சந்தோஷமா இருக்கா. இவனுக்குக் கண்ணு நன்னாத் தெரியறது. டெஸ்ட் பண்ணித்தான் எடுத்திருக்கேன்” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அவனுக்கு மட்டும்தான் புரியும். ஷிப்ட் முடிந்து வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்கவில்லை, மூச்சில் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன்.