பின்னால் லாரி நிற்காத சாப்பாடு

ஞாயிறு, இரவு.

இன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ட்ரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூரில் துறைமுக கேட்டுக்கு வரிசையில் நிற்கும்போது வண்டியிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பார். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். அதனால் மெல்லாமல் விழுங்கியே பழகிவிட்டார். வீட்டிலும் அதே அவசரம்தான். அப்புறம் ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சல். நேற்று டாக்டர் நன்றாகத் திட்டி அனுப்பினார்.

இன்று நான் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"பின்னால இன்னா லாரியா நிக்குது? மென்னு துன்னுய்யா."

மென்றார். மூன்று தடவை சோறு வாங்குகிறவர் ஒன்றரையோடு போதும் என்றார். எனக்குப் பகீரென்றது. "கொழம்பு நல்லால்லியா?" என்று கேட்டேன்.

"வவுறு ரொம்பிச்சிமே" என்றார். விரலை நக்கிவிட்டு, "மீன் கொழம்புல வெந்தயம் போட்டுகீறியா? சோக்கா கீது" என்றார்.

பதினெட்டு வருஷமாகப் போடுகிறேன், பாவி மனுஷா.

இப்போது நெஞ்சைத் தடவாமல் தூங்குகிறார். நாளைக்கு வண்டியில் எதிரே யார் உட்காருவது?